லெஃப்ட் டேக்கிள் படுத்துவிட்டால் யாரை இறக்குவது?

2022 ஆகஸ்ட் இறுதியில் நடந்த பயிற்சியில் அமெரிக்க ஃபுட்பால் அணியான டல்லாஸ் கவ்பாய்ஸின் லெஃப்ட் டேக்கிள் டைரன் ஸ்மித்துக்கு இடது தொடையின் பின்தசைநார் முழங்காலருகே எலும்புச் சில்லோடு பிய்ந்துகொண்டது. முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. கழுத்து, முதுகு என்று ஏதாவதொரு உபாதையால் 2015-க்குப் பிறகு எந்த சீசனையும் முழுதாக ஆடி முடிக்காதவர் அவர். அதனால் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கும், வரிசையின் இடக்கோடி இடம் காலி.

இப்படி ஒரு நிலை வந்தால் எந்த அணிக்கும் இருப்பது நான்கு வழிகள்தான். முதலாண்டு ஆட்டக்காரரான ரூக்கியை இறக்கலாம். ஏற்கெனவே ஆடும் கார்டையோ (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) ரைட் டேக்கிளையோ (வலக்கோடி ஆள்) நகர்த்தி ஓட்டையை அடைக்கலாம். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த ஸ்விங் டேக்கிளை பெஞ்சிலிருந்து எழுப்பலாம். இல்லையென்றால் வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒரு வெட்டரனைக் கூட்டிவரலாம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காயம் ஆறு வாரத்தைத் தாண்டும், ரூக்கி கல்லூரியிலும் இடப்பக்கமே ஆடியவர் என்றால் ரூக்கிதான். அதற்குள் ஆள் திரும்பிவிடுவார் என்றால் ஸ்விங் டேக்கிள். கார்டை வெளியே தள்ளுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

டல்லாஸ் ரூக்கியைத்தான் இறக்கியது. டைலர் ஸ்மித், டல்சா பல்கலைக்கழகம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று, 24-வது தேர்வு, வயது 21. முகாம் முழுக்க அவருக்கு லெஃப்ட் கார்டு பயிற்சிதான் கொடுத்துவந்தார்கள். கானர் மெக்கவர்னோடு அந்த இடத்துக்குப் போட்டி. ஒரே வாரத்தில் ஓர் இடம் வெளியே தள்ளி நின்றார். வெளியே இருந்து பார்க்க இரண்டு இடம் மாறியது போலத் தெரியும். உண்மையில் மாறியது ஓரிடம்தான். கார்டு இடத்தில் மெக்கவர்ன் முந்தைய ஆண்டே ஆடியவர், டைலர் கல்லூரியில் லெஃப்ட் டேக்கிள். இதைக் கவனிக்காமல் "ரூக்கியை நம்பினால் போதும்" என்று பாடம் எடுத்தால் தப்பாகிவிடும். அந்த சீசனின் 17 ஆட்டங்களிலும் டைலர் முதல் ஆளாகக் களமிறங்கினார், அணிக்கு 12 வெற்றி, 5 தோல்வி. அதுவும் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் கட்டைவிரல் முறிந்து, அடுத்த ஐந்து ஆட்டங்களை கூப்பர் ரஷ் ஆடிய சீசன். ரஷ் அதில் நான்கை வென்றார்.

ரூக்கி எங்கே உடைவார்

கால்களில். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற மூன்று வழிகளின் விலையும் இதை வைத்துத்தான் புரியும்.

லெஃப்ட் டேக்கிள் இடது காலைப் பின்வைத்து நிற்பார். ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் தரப்பட்டதும்) இடது கால் பின்னோக்கி உதைக்கும், வலது கால் தரையை ஒட்டியபடி இழுபட்டுப் பின்தொடரும். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, இடைவெளி தோள் அகலத்துக்குக் குறையக் கூடாது, தோள்கள் பந்து நிற்கும் கோட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். பந்தைத் தள்ளி நின்று வாங்கும் ஷாட்கன்னில், வாங்கிப் பின்வாங்கிய பிறகு குவார்ட்டர்பேக் ஏழெட்டு கெஜம் பின்னால் இருப்பார். அந்த ஆழத்தைத் தாண்டி, அவரைப் பிடிக்க வரும் ரஷரை வட்டமடிக்க விட்டுவிட்டால் போதும், வேலை முடிந்தது. ரூக்கிக்கு அந்தப் பொறுமை வராது. வெளிப்பக்கம் வேகமாக ஓடிவரும் ரஷரைப் பார்த்த பயத்தில் மூன்றாவது அடியிலேயே இடுப்பைத் திருப்பிவிடுவார். அனுபவமுள்ள ரஷர் காத்திருப்பதே அதற்குத்தான். வெளியே போவது போல இரண்டு அடி, பிறகு சுழன்று உள்ளே. திரும்பிய இடுப்பை மீண்டும் நேராக்க நேரம் இல்லை; கை தானாக ஜெர்சியைப் பிடிக்கும். ஹோல்டிங் என்ற பெனால்டி, பத்து கெஜம்.

டைலரின் பலவீனமும் அதுவேதான். டல்சாவில் கடைசி ஆண்டில் மட்டும் 16 பெனால்டி வாங்கினார், பெரும்பகுதி ஹோல்டிங். கைகள் அகலமாகப் போய் ரஷரின் மார்புக்கு வெளியே தோளைப் பற்றுவதால் வந்த வினை. கைகளை மார்புத் தட்டுக்குள் வைத்துப் பிடித்தால் நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். வெளியே போனால் ரஷர் திமிறும்போது ஜெர்சி இழுபடும், கொடி விழும். கல்லூரி ஆட்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு: இரண்டு கையையும் ஒரே நேரத்தில் குத்துவது. ரஷர் அதை ஒரே தட்டில் கீழே தள்ளிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. வெட்டரன் ஒரு கையைக் காட்டி ஏமாற்றுவார், மற்றதைக் கடைசி வரை வைத்திருப்பார்.

வெளியூர் மைதானம் வேறு தொல்லை. இரைச்சலில் குரல் கேட்காது, சைலன்ட் கவுன்ட்தான். கார்டு தட்டுவார், நடுவில் பந்தைத் தரும் சென்டர் தலையை ஆட்டுவார், டேக்கிள் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். முந்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து கெஜம். பிந்தினால் ரஷருக்கு இலவசமாக ஓர் அடி.

ஸ்டன்ட் அதைவிட மோசம். எதிரணியின் உள் ஆள் டேக்கிளின் உள்தோளில் மோத, எட்ஜ் ரஷர் சுற்றி உள்ளே புகுவார். டேக்கிளும் கார்டும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் ஆளை மாற்றிக்கொள்ள முடியும். ரூக்கி தனியாக ஆழத்துக்குப் போய்விட்டால் இருவருக்கும் நடுவே ஒரு கதவு திறந்துகொள்ளும். இதைச் சரிசெய்யப் பயிற்சி வேண்டும், அதற்கு வழியும் குறைவு: வழக்கமான சீசன் முழுக்க 14 முறைதான் முழுக் கவசத்தோடு பயிற்சி நடத்தலாம். ஆகவே ரூக்கி உண்மையில் கற்றுக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில்தான். ஆறு வாரம் என்று நாங்கள் கோடு போடுவதற்கும் அதுவே காரணம். இரண்டு ஆட்டத்துக்காக இவ்வளவு வலியைத் தாங்குவது வீண், பத்து ஆட்டம் என்றால் பலன் உண்டு.

உதவிக்கு ஒரு விலை

ரூக்கிக்கு உதவி செய்ய எல்லா கோச்சிடமும் அதே சாமான்கள்தான். டைட் எண்டோ (வரிசை ஓரத்தில் நின்று பந்தும் பிடிப்பவர்) ரன்னிங் பேக்கோ (பந்தோடு ஓடுபவர்) ரஷரை ஓர் இடி இடித்துவிட்டு ஓடலாம், அதுதான் சிப். வரிசை முழுவதையும் இடப்பக்கம் சாய்க்கலாம். ஸ்கிரீன் (ஒரு குட்டிப் பாஸ்), ட்ரா (பாஸ் போலக் காட்டி ஓடுவது), மூன்றடி பாஸ் போட்டு ரஷரைத் தயங்க வைக்கலாம். ஓட்டத்தை ரூக்கியின் பக்கமே விடலாம். இளம் லைன்மென்கள் பின்வாங்கி ஆடுவதைவிட முன்னால் முட்டித் தள்ளுவதில் சீக்கிரம் தேறிவிடுவார்கள், டைலரும் அப்படித்தான்.

எதுவும் இலவசம் இல்லை. சிப் செய்யும் டைட் எண்ட் பந்து பிடிக்க ஓட வேண்டிய தன் ரூட்டுக்குத் தாமதமாகத்தான் போவார். வரிசை இடப்பக்கம் சாய்ந்தால் ரைட் டேக்கிள் தனி ஆள். வலப்பக்கம் பலமாக இருந்தால் இந்தக் கடன் மலிவு, இரண்டு பக்கமும் ஓட்டை என்றால் கொடுக்கவே முடியாது.

இங்கேதான் நகர்த்தும் வழி சறுக்குகிறது. இறுதி ஆட்டமான 55-வது சூப்பர் போல், 2021 பிப்ரவரி. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்தது. ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் பாதி சீசனாகவே இல்லை. வலப்பக்கம் ஆடிவந்த மைக் ரெம்மர்ஸை இடப்பக்கம் கொண்டுவந்து, ரைட் கார்டு ஆண்ட்ரூ வைலியை ரைட் டேக்கிளாக்கி, வைலியின் இடத்தில் ஸ்டெஃபன் விஸ்னியூஸ்கியை வைத்தார்கள். ஒரு காயத்துக்காக மூன்று இடம் கலைந்தது. வழக்கமாக பிளிட்ஸ் (நாலுக்கு மேல் ஆட்களைப் பாயவிடுவது) மேல் பிளிட்ஸாக அனுப்பும் டாம்பா பேயின் தற்காப்புப் பயிற்சியாளர் டாட் பவுல்ஸ் அன்று அடக்கி வாசித்தார். நாலு பேரை மட்டும் அனுப்பி ஏழு பேரைப் பின்னால் நிறுத்தினாலே போதுமாயிருந்தது. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தார், டாம்பா பே 31-9.

வலப்பக்கத்து ஆளை இடப்பக்கம் மாற்றுவது அத்தனை சிரமமா என்று கேட்பவர்கள் உண்டு. பின்வைக்கும் கால், முதல் உதை, முன்கை எல்லாமே தலைகீழாகும். நல்ல டேக்கிளுக்கும் இது முகாம் முழுக்கப் பழக வேண்டிய சங்கதி. கார்டை வெளியே தள்ளுவது வேறுவகைச் சிரமம்: கார்டு ஒரு கெஜத்துக்குள் மோதிப் பழகியவர், டேக்கிளோ மூன்று நான்கு கெஜம் பின்வாங்கி வெட்டவெளியில் மோத வேண்டும். கை நீளமும் இடிக்கும்.

ஒரே சீசனில் நாலும்

2024-இல் அதே சீஃப்ஸ் இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துவிட்டார்கள். அங்கே காயம்பட்ட வெட்டரன் யாரும் இல்லை, இடமே காலி. மற்றபடி ஒப்பிட இதைவிட நல்ல சீசன் கிடைக்காது.

முதலில் ரூக்கி கிங்ஸ்லி சுவாமாடாயா, இரண்டாம் சுற்று, பிரிகம் யங் பல்கலைக்கழகம். இரண்டாவது ஆட்டத்திலேயே சின்சினாட்டியின் ரஷர் ட்ரே ஹெண்ட்ரிக்சன் எதிரே வந்தார். நாலாவது குவார்ட்டரில் ரூக்கியை வெளியே எடுத்துவிட்டார்கள். எங்கள் பார்வையில் இது அவசரம். அவர் கல்லூரியில் இடப்பக்கம் ஆடியது ஒரே சீசன், அதற்கு முன் வலப்பக்கம். அப்படிப்பட்டவருக்கு ஹெண்ட்ரிக்சன் எதிரே நிற்கும் நாளில் ஒவ்வொரு பாஸுக்கும் சிப் கொடுத்திருக்க வேண்டும். அடுத்து வான்யா மோரிஸ், இரண்டாம் ஆண்டு. முந்தைய டிசம்பரில் டானவன் ஸ்மித்துக்குக் கழுத்துக் காயம் வந்தபோது ரூக்கியாக அந்த இடத்தைத் தாங்கியவர். தாக்குப்பிடித்தார், அதற்கு மேல் இல்லை. நவம்பரில் டி.ஜே. ஹம்ஃப்ரீஸை ஒப்பந்தம் செய்தார்கள். முந்தைய ஆண்டின் கடைசி நாளில் அவருக்கு முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே தொடைத்தசை பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து வரும் வெட்டரனின் ஆபத்து இதுதான். திறமை போதாது என்பதல்ல, உடம்பு அந்த சீசனுக்குத் தயாராக இருக்காது.

கடைசியாக லெஃப்ட் கார்டு ஜோ தூனியை வெளியே தள்ளினார்கள், அவர் இடத்துக்கு மைக் காலியெண்டோ. வழக்கமான சீசனின் கடைசி வாரங்களிலும் பிளேஆஃபிலும் இது நன்றாகவே ஓடியது, மறுப்பதற்கில்லை. தூனி அந்தத் தரத்து ஆட்டக்காரர். ஆனால் 59-வது சூப்பர் போலில், விக் ஃபேஞ்சியோ தற்காப்பை நடத்திய ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. மஹோம்ஸ் ஆறு முறை சாக் ஆனார் (பந்தோடு வீழ்த்தப்பட்டார்), 40-22. இடித்து உதவ ஆளை நிறுத்தினால் ரூட் ஓட மூன்று பேர், எதிரே ஏழு பேர். நிறுத்தாவிட்டால் பழகாத டேக்கிளும் பழகாத கார்டும் அடுத்தடுத்து.

அதே ஈகிள்ஸ் அந்த அக்டோபரில் செய்தது எளிய காரியம். லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டாவுக்குத் தொடைத்தசை காயம், காயப் பட்டியலில் போட்டால் குறைந்தது நான்கு ஆட்டம் வெளியே. ஸ்விங் டேக்கிள் ஃப்ரெட் ஜான்சன் அந்த நான்கையும் ஆடினார், நான்கும் வெற்றி. வேறு யாரையும் அசைக்கவில்லை. இதற்குத் தோதாக ஒரு விதியும் உண்டு: எட்டு ஆஃபென்சிவ் லைன்மேன்களை வைத்துக்கொண்டால் ஆட்ட நாளில் 48 பேர் ஆட்டத்துக்குச் சீருடை உடுத்தலாம், இல்லாவிட்டால் 47. அந்த எட்டாவது ஆளுக்குக் கஞ்சத்தனம் காட்டும் அணிகளுக்குத்தான் அக்டோபரில் கண் கலங்கும்.

வெளியிலிருந்து ஆள் பிடிப்பதென்றால் காப்பீடாக மட்டும் பிடிக்கலாம். டல்லாஸ் 40 வயது ஜேசன் பீட்டர்ஸை அப்படித்தான் முதலில் பிராக்டிஸ் ஸ்க்வாடில் (பட்டியலுக்கு வெளியே உள்ள பயிற்சிக் குழு) சேர்த்தது. ஒருவரை அங்கிருந்து மூன்று ஆட்டத்துக்கு மேல் உயர்த்த முடியாது, அதன்பின் பட்டியலில் இடம் கொடுத்தே ஆக வேண்டும். டிரேடும் ஒரு வழி. 2024 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸின் லெஃப்ட் டேக்கிள் கிறிஸ்டியன் டேரிசாவுக்கு முழங்கால் போனதும் ஜாக்சன்வில்லிடமிருந்து கேம் ராபின்சனை வாங்கினார்கள். 14 வெற்றி, 3 தோல்வி வரை போனார்கள், பிளேஆஃபில் ராம்ஸிடம் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட் ஒன்பது முறை சாக். அத்தனையும் ராபின்சன் தலையில் கட்டுவது நியாயமில்லை, உள்வரிசையும் பந்தை விடாமல் வைத்திருந்த குவார்ட்டர்பேக்கும் பங்காளிகள்.

வெட்டரன் குணமாகித் திரும்பினால் என்ன செய்வது என்பதுதான் பலரும் யோசிக்காத பகுதி. 2022 டிசம்பரில் டைரன் திரும்பியபோது ரைட் டேக்கிள் டெரன்ஸ் ஸ்டீலுக்கு முழங்கால் போயிருந்தது. டைலர் இடப்பக்கமே இருக்க, 2011-இல் தன் ரூக்கி ஆண்டில் கடைசியாக ஆடிய வலப்பக்கத்துக்கு டைரனை அனுப்பினார்கள். கால் மாற்றிப் பழகும் தொல்லையை 32 வயதுக்காரர் ஏற்க, மூன்று மாதம் ஓரிடத்தில் ஊன்றிய ரூக்கியைக் கலைக்கவில்லை. அடுத்த ஆண்டு டைரன் மீண்டும் இடப்பக்கம் வந்ததும் டைலர் கார்டு இடத்துக்குப் போனார், ஆனால் முழு முகாமும் அதற்கெனக் கிடைத்த பிறகு.