குன்னூரில் இரண்டு சவரக்கத்தி: எது மூத்தது?

குன்னூரில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் போன மாதம் இரண்டு மடக்கு சவரக்கத்திகள் கண்ணில் பட்டன. எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்தவையாம். ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது. கறுப்புக் கொம்புப் பிடி, 1,800 ரூபாய். மற்றது ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது. வெள்ளைப் பிடி, 4,500 ரூபாய்.

"வெள்ளைப் பிடிதான் சார் பழசு. 1731. மொபைல்லயே போட்டிருக்கான். பிடி தந்தம்" என்றார் கடைக்காரர். "அப்ப கறுப்பு?" என்றேன். "அது சல்லிவன் துரை காலத்துதுங்க."

நீலகிரியில் எந்தப் பழைய பொருளும் ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயர் ஜான் சல்லிவனிடம் போய் நிற்காமல் விலை போகாது. சரி, கத்திகளையே கேட்போம் என்று ஜன்னலோரம் கொண்டு போனேன்.

முதலில் முத்திரை. அலகு முடிந்து பிடிக்குள் போகும் கழுத்தில் அது இருக்கும். சோலிங்கன் கத்தியில் இரண்டு ஆள் கைகோத்து நிற்கும் ஹென்கெல்ஸ் இரட்டையர் சின்னம். அந்தச் சின்னம் 1731இல் பதிவானது உண்மைதான். ஆனால் அது கம்பெனியின் வயது, கத்தியின் வயது இல்லை. கடைப் பலகையில் 'நிறுவியது 1950' என்று இருந்தால் உள்ளே இருக்கும் பிஸ்கட்டும் 1950ஆ? இதில் வயது சொல்வது சின்னத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்த 'ஜெர்மனி' என்ற ஒற்றைச் சொல்தான். வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்குபோலக் காட்டி விற்பதைத் தடுக்க பிரிட்டன் 1887இல் சட்டம் போட்டது. இந்தியாவில் 1889இல் அதேபோல ஒன்று வந்தது. 1890இல் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றது; அது 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, இது அந்தச் சட்டங்களுக்குப் பிறகு ஏற்றுமதிக்கென்று செய்தது. 1731 அங்கேயே கழன்று விழுந்துவிட்டது.

ஷெஃபீல்டு கத்தியில் ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற கத்திக் கம்பெனியின் பெயர், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். அதற்கு மேலே 'வி', 'ஆர்' என்று இரண்டு எழுத்து, நடுவில் கிரீடம். விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. சல்லிவன் கோயமுத்தூர் கலெக்டராக இருந்துகொண்டு 1819இல் மலையேறியவர். 1830 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவர் அந்த நாளில் முகம் மழித்த கத்தி என்றால் 'ஜி ஆர்' என்று ஜார்ஜ் மன்னர் எழுத்து இருந்திருக்க வேண்டும். அந்தக் கதையும் போச்சு.

இதில் 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை. சொல் இல்லாவிட்டால் 1891க்கு முந்தியது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கு அது சரி; நம் மலைக்கு வந்த பிரிட்டிஷ் சரக்கில் போட வேண்டிய கட்டாயம் ஏது? அதனால் இதை அரைச் சாட்சியாகவே வைத்தேன்.

பிரபலமான பெயர் என்றால் போலி முத்திரையும் உண்டு. அதனால் முத்திரையைவிட அலகின் வடிவத்தை நான் அதிகம் நம்புவேன். ஷெஃபீல்டு அலகைக் குறுக்கே பார்த்தால் கிட்டத்தட்ட ஆப்பு: முதுகு தடிமன், வாய் வரை நேராகச் சரிகிறது. கையில் கனம். சோலிங்கன் அலகு இருபுறமும் குழிவாகச் சாணை பிடித்தது; வாய்ப்பக்கம் காகிதம்போல மெலிசு. நகத்தால் மெல்லச் சுண்டினால் 'ணங்' என்று பாடியது. மற்றது 'டொக்' என்றதோடு சரி. இந்த ஆழமான குழிவு பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். ஆப்பு அலகு அதற்கு முந்தைய பழக்கம். பிடிக்கு வெளியே நீட்டி நிற்கும் வாலையும் பாருங்கள்: 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் அது இல்லை, இருந்தாலும் வெறும் மொட்டை. இரண்டிலுமே நல்ல நீள வால்.

(அலகில் 'சில்வர் ஸ்டீல்' என்று கண்டால் 1820களுக்குப் பிந்தியது. ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரும் விஞ்ஞானி ஃபாரடேயும் உருக்கில் வெள்ளி கலந்து பார்த்ததால் வந்த பெயர் அது. அவர்கள் ஆராய்ச்சியில் நம் தென்னாட்டு 'ஊட்ஸ்' உருக்கும் இருந்தது. துரை கத்தியில் நம்ம ஊர்ச் சங்கதி!)

பிடியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஆணியைத் தட்டி எடுத்து வேறு பிடி மாட்டுவது பெரிய வேலை இல்லை. கொம்புப் பிடியில் சிறு பூச்சித் துளைகள் இருந்தன, ஆணி அசையவில்லை. அதன் பிடியாகவே இருக்கலாம்.

வெள்ளைப் பிடிக்கு வருவோம். தந்தத்தின் வெட்டு முனையில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோலத் தெரியும். இதில் ரூல் போட்ட நோட்டுபோல நேர்கோடுகள். கட்டைவிரலால் பத்து விநாடி பரபரவென்று தேய்த்து மோந்தேன். கற்பூரம். கடைக்காரரிடம் நீட்டினேன். அவரும் தேய்த்தார், மோந்தார், "கோயில் வாசனை வருதுங்களே" என்றார். செல்லுலாய்டு! கற்பூரம் சேர்த்துச் செய்யும் பழைய காலத்துப் பிளாஸ்டிக். 1870களில்தான் சந்தைக்கே வந்தது. சூடான ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், குப்பென்று பற்றும். நிஜத் தந்தமாகவே இருந்தாலும் முதுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை விற்கவும் வாங்கவும் வனவிலங்குச் சட்டம் விடாது.

முகம் மழிக்கத்தான் வேண்டுமென்றால் சோலிங்கனே மேல். மெலிந்த வாய், தோல்வாரில் நாலு இழுப்பில் கூர் ஏறும். எனக்கு வேண்டியது வயது. ஷெஃபீல்டை 1,500க்குப் பேசி வாங்கினேன். விக்டோரியா ஆட்சியின் முதல் பாதி என்பது என் கணிப்பு.

பழைய செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்துக் கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும். குன்னூர் மூடுபனி வேறு. "ரெண்டையும் ஒரே டப்பாவுல வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலகுக்கு எண்ணெய் போட்டேன்.