முறுக்கதிர்வு ரிலே: கருவி நன்று, சேவை சுமார்

பினாங்கில் நான் பணிபுரியும் மின்நிலையத்தில், டர்பைனையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் தண்டின் முறுக்கதிர்வை, அதாவது தண்டு முன்னும் பின்னுமாக முறுகி அதிர்வதை, கண்காணித்து, அபாயம் முற்றுவதற்குள் ஜெனரேட்டரை மின்கட்டமைப்பிலிருந்து பிரித்துவிடும் ரிலே ஒன்றைக் கடந்த ஆண்டு பொருத்தினோம். கருவியைப் பற்றி எனக்குக் குறை அதிகமில்லை. அதை நிறுவிக்கொடுத்த கோலாலம்பூர் முகவரின் சேவையைப் பற்றித்தான் உண்டு.

தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் ஏற்கெனவே அதிர்வு உணரிகள் இருக்கும்போது இது எதற்கு என்று கணக்குப் பிரிவினர் கேட்டார்கள். அந்த உணரிகள் தண்டு பக்கவாட்டில் ஆடுவதை அளப்பவை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்டு முறுக்கிக்கொள்வது அவற்றுக்குத் தெரியாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலிருந்த மொஹாவே மின்நிலையத்தில் 1970 டிசம்பரிலும் 1971 அக்டோபரிலும் தண்டு சேதமடைந்தபோதுதான் இந்த ஆபத்தின் முழு வடிவம் துறைக்குப் புரிந்தது. நீண்ட 500 கிலோவோல்ட் தடங்களில் மின்சாரத்தை அதிகம் கடத்துவதற்காகத் தொடர் மின்தேக்கிகளை (தடத்தோடு தொடராக இணைக்கப்படும் கெப்பாசிட்டர்களை) வைத்திருந்தார்கள். அவையும் தடத்தின் மின்தூண்டலும் (இண்டக்டன்ஸ்) சேர்ந்து, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் ஊசலாடும் மின் ஒத்ததிர்வை உருவாக்க, கட்டமைப்பின் 60 ஹெர்ட்ஸிலிருந்து அந்த அதிர்வெண்ணைக் கழித்தால் கிடைப்பது தண்டின் இயல்பு முறுக்கதிர்வெண்களில் ஒன்றான ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸுடன் பொருந்திப்போனது. அதிர்வை அடக்கும் தண்டின் இயல்பான தணிப்பு மிகக் குறைவு என்பதால், அப்படிப் பொருந்திய அதிர்வு தானாக அடங்காமல் வளர்ந்துகொண்டே போகிறது.

தொடர் மின்தேக்கி அருகில் இல்லையென்றால் கவலையில்லை என்று சக பொறியாளர்கள் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். 1977இல் வட டகோட்டாவின் ஸ்குவேர் பட் நேர்மின்னோட்ட இணைப்பில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பே அருகிலிருந்த ஜெனரேட்டரின் 11.5 ஹெர்ட்ஸ் முறுக்கதிர்வுக்கு ஊட்டம் கொடுத்தது. நமக்கு வடக்கே கெடாவின் குருணிலிருந்து தாய்லாந்தின் குளோங் ஙேவுக்கு 300 மெகாவாட் நேர்மின்னோட்ட இணைப்பு இருக்கிறது. இவ்வகைச் சிக்கல் பெரும்பாலும் மின்சாரத்தை அனுப்பும் முனையிலேயே எழக்கூடியது என்பதால், தாய்லாந்துக்கு மின்சாரம் செல்லும் வேளைகளையும் எங்கள் தண்டின் முறுக்கதிர்வு ஆய்வில் சேர்க்கச் சொன்னோம். அந்த இணைப்பால் எங்களுக்குத் தொல்லை வந்ததென்று நான் சொல்லவில்லை. ஆய்ந்து பார்க்காமல் விடக்கூடாது என்பதே என் கருத்து.

கருவி வேலை செய்யும் முறை எளியது. தண்டிலுள்ள பற்சக்கரத்தின் அருகே காந்த உணரிகள் இருக்கும். வேகத்தில் தோன்றும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை ரிலே வடிகட்டி, ஒவ்வொரு முறுக்கதிர்வெண்ணையும் தனித்தனியே கவனிக்கிறது. அளவு எல்லை மீறினாலும், எல்லைக்குள்ளேயே தொடர்ந்து வளர்ந்தாலும் துண்டிப்பு ஆணை போகிறது. தண்டின் உலோகச் சோர்வைக் கூட்டிக் கணக்கிட்டு வைப்பது, பராமரிப்பு நிறுத்தத்தின்போது எங்கே விரிசல் தேடலாம் என்று தீர்மானிக்க உதவுவதால், எனக்கு மிகவும் பிடித்த வசதி.

முகவர் சறுக்கியது அமைப்பு மதிப்புகளில். வடிகட்டிகளை வடிவமைப்புக் கணக்கீட்டிலிருந்த அதிர்வெண்களுக்கே சரிசெய்துவிட்டு, வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்டார்கள். ஜெனரேட்டரைக் கட்டமைப்போடு இணைக்கும் கணத்தில் தண்டு ஓர் உதை வாங்குகிறது. அதன்பின் அது அதிர்ந்து அடங்குவதைப் பதிவு செய்தால் உண்மையான அதிர்வெண்கள் கையில் கிடைத்துவிடும். நாங்கள் அதை வற்புறுத்தியபோது, ஓர் அதிர்வெண் கணக்கீட்டிலிருந்து ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவாகவே விலகியிருந்தது. ஆனால் வடிகட்டி அனுமதிக்கும் அதிர்வெண் பட்டை குறுகியது. அந்த விலகலே ரிலேயின் கண்ணைப் பாதி கட்டப் போதுமானது. திருத்திக் கொடுத்தார்கள், கூடுதல் கட்டணம் கேட்ட பிறகு.

ஆகவே வாங்குவோர், இணைப்புக் கணத்து அளவீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டரை மாற்றினாலோ அதன் கம்பிச்சுருளை மீண்டும் சுற்றினாலோ அதை மீண்டும் எடுத்துத் தரவேண்டும் என்ற வரியையும் சேர்க்கவேண்டும். எங்கள் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இன்னும் அது இல்லை.