ஸ்டேட்டிக்கா, டைனமிக்கா, விபிஎன்னா? ஒரு லைன் வீட்டுக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா போன மாதம் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டார். "மாப்ள, பட்டறை கேமராவை வீட்ல இருந்து பாக்க ஸ்டேட்டிக் ஐபி வாங்கணும்ங்கறாங்க. நம்ம ஐபி வெளிய தெரியாம இருக்க விபிஎன் போடணும்ங்கறாங்க. ரெண்டையும் வாங்கிப் போட்டுரலாமா?"

ஐபி என்பது இணையத்தில் நம் இணைப்புக்கான முகவரி எண். அது மாறாமல் இருந்தால் ஸ்டேட்டிக், அவ்வப்போது மாறினால் டைனமிக். விபிஎன் என்பது நம் போக்குவரத்தைப் பூட்டி இன்னொரு கணினி வழியாக அனுப்பும் முறை. எதிரும் புதிருமான இரண்டு தேவைகள் இவை. ஸ்டேட்டிக் ஐபி வாங்குவது, 'எப்போது வந்தாலும் என்னை இங்கேயே பார்க்கலாம்' என்று வாசலில் பலகை மாட்டுவது. விபிஎன் போடுவது, முக்காடு போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது. மாமாவிடம் விற்க வந்தவர் இரண்டையும் 'பாதுகாப்பு' என்று ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறார்.

லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தெருவுக்கு ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். தபால்காரருக்குக் கதவு எண்ணோடு சரி. எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்பது முன்வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். கதவு எண்தான் பப்ளிக் ஐபி. 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்ளே இருக்கும் வீடுகளுக்கானவை, பிரைவேட் ஐபி. முன்வீட்டு அம்மாவின் வேலையை ரவுட்டர் பார்க்கிறது. 'உன் ஐபி 192.168.1.5, கண்டுபிடிச்சுட்டேன்' என்று யாராவது மிரட்டினால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே எண் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது.

இப்போது அந்த லைன் வீடே இன்னொரு பெரிய லைன் வீட்டுக்குள் போய்விட்டது. பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதனால் இணைப்பு தரும் நிறுவனங்கள் ஒரு பப்ளிக் எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். உங்கள் இணைப்பும் அப்படித்தானா என்று பார்க்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்ற இடத்தைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் ஏதாவது எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை.

மாமாவின் பட்டறைக்கு வருவோம். கேமராவை வெளியிலிருந்து பார்க்க நான்கு வழி.

முதல் வழி ஸ்டேட்டிக் ஐபி வாங்கி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்வது, அதாவது வெளியிலிருந்து வருபவரை நேரே கேமராவுக்கு அனுப்பச் சொல்வது. இரண்டாவது, டைனமிக் ஐபியையே வைத்துக்கொண்டு, எண் மாறும்போதெல்லாம் ஒரு பெயரோடு சேர்த்துக்கொள்ளும் டிடிஎன்எஸ் போடுவது. இது சிக்கனம், ஆனால் சிஜிநாட்டுக்குள் இருந்தால் வேலைக்கு ஆகாது. இந்த இரண்டிலும் உள்ள ஆபத்து ஒன்றேதான், வாசலைத் திறந்து வைக்கிறோம். மாமாவின் டிவிஆரை, அதாவது கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டியைப் போட்டுக் கொடுத்தவர் பாஸ்வேர்டை அட்மின் என்றே விட்டுப் போயிருந்தார். அதை அப்படியே வெளியே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இல் பரவிய மிராய் என்ற நச்சு மென்பொருள் சாட்சி. கம்பெனியில் போட்டுவிட்ட பாஸ்வேர்டுகள் சுமார் அறுபதை மட்டும் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் அது பிடித்தது. அந்த அக்டோபரில் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை, அதாவது தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் நிறுவனத்தை, அவற்றை வைத்தே தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. கொலுசுப் பட்டறையில் வெள்ளியைப் பூட்டி வைக்கிறோம், கேமராவின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிறோம்.

மூன்றாவது, கேமரா கம்பெனியின் ஆப். கேமரா தானே வெளியே போய் கம்பெனி சர்வரைப் பிடித்துக்கொள்வதால் ஸ்டேட்டிக் ஐபி தேவையில்லை, சிஜிநாட்டும் தடையில்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் பட்டறைக்குள் யார் எப்போது வருகிறார்கள் என்ற விவரத்துக்கு மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நிற்கிறார். அந்த ஆளை நம்புகிறீர்களா என்பதுதான் விலை.

நான்காவது, சொந்த விபிஎன். இது முக்காடு இல்லை, நம் இரண்டு கருவிகளுக்கு நடுவே ஒரு தனிப் பாதை. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் பட்டறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரிலும் மாமாவின் போனிலும் போட்டுவிட்டால், இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பது மாதிரி பேசிக்கொள்ளும். டெயில்ஸ்கேல் சிஜிநாட்டுக்குள்ளிருந்தும் வேலை செய்யும், அதற்கு வெளியே ஒரு கதவும் திறக்க வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான். அரை நாள் உட்கார்ந்து போட வேண்டியிருக்கும், ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தால் செய்து தர மருமகன் இருக்கிறான்.

அப்படியானால் ஸ்டேட்டிக் ஐபி யாருக்கு? சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கு, குறிப்பிட்ட ஐபியிலிருந்து மட்டும் உள்ளே விடும் அலுவலக மென்பொருளில் வேலை செய்பவருக்கு. வீட்டுக்கு அது, காசும் கொடுத்துத் தனிப்பட்ட விவரத்தையும் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிற செலவு. மாறாத எண் என்றால், இன்று பார்த்த தளத்தையும் அடுத்த வருடம் பார்க்கப்போகும் தளத்தையும் ஒரே நூலில் கோக்கலாம்.

ஐபிவி6 இதில் எங்கே வருகிறது? எண் பஞ்சமே இல்லாத முறை என்பதால் வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனி பப்ளிக் எண் கிடைக்கும். ஆரம்பத்தில் கருவியின் மேக் எண்ணையே, அதாவது கம்பெனியிலேயே கொடுத்த அடையாள எண்ணையே, அதற்குள் பொதித்தார்கள், எந்த ஊருக்குப் போனாலும் பின்தொடர வசதியாக. இன்றைய போன்கள் கடைசிப் பாதியைத் தற்காலிகமாக உருவாக்கி அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. முன்பாதி உங்கள் இணைப்பைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். மலிவான விபிஎன் சில ஐபிவி4-ஐ மட்டும் மூடிவிட்டு இதைத் திறந்தே விடுவதும் உண்டு.

சரி, மறைத்துக்கொள்ளும் பக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் தங்கும் விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர், "ஐபியை வச்சு வீட்டு வாசலுக்கே வந்துருவாங்களாமே தம்பி?" என்று கேட்டார். ஐபியை வைத்து இடம் சொல்லும் தளம் ஒன்றை அவர் போனிலேயே திறந்து பார்த்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம், அது சென்னை என்று காட்டியது. வாசல் வரை வர வேண்டுமானால் இணைப்பு நிறுவனத்தின் பதிவேடு வேண்டும். அது போலீஸுக்குக் கிடைக்கும், பக்கத்து எஸ்டேட்காரருக்குக் கிடைக்காது.

எனவே யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை வைத்துத்தான் ஒப்பிட முடியும். பிரவுசரின் இன்காக்னிடோ உங்கள் போனை எடுத்துப் பார்ப்பவரிடமிருந்து மட்டும் மறைக்கும், ஐபியைத் தொடாது. பிரைவேட் டிஎன்எஸ் ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கிறது, இலவசம், நீங்கள் தேடும் தளப் பெயர்களை விடுதி வைஃபைக்காரர் எளிதில் படிக்காமல் தடுக்கும். இதிலும் ஐபி மாறாது. நடுவில் நின்று நம் சார்பில் தளத்துக்குப் போய்வரும் இலவச ப்ராக்ஸியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, தொடாதீர்கள்.

விபிஎன் போட்டால் விடுதிக்காரருக்கும் இணைப்பு நிறுவனத்துக்கும் நீங்கள் போகும் இடம் தெரியாது, தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவராக விபிஎன் கம்பெனி மாறிவிடுகிறது. நம்பிக்கை காணாமல் போகவில்லை, கை மாறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் கம்பெனிகளிடம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்கச் சொன்னது. அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

டோர் என்ற இலவச வலைப்பின்னல், நம் போக்குவரத்தை மூன்று கணினிகள் வழியாக அனுப்பி, அந்த நம்பிக்கையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. முதல் கணினிக்கு உங்களைத் தெரியும், கடைசிக் கணினிக்குத் தளத்தைத் தெரியும், இரண்டும் சேர்ந்து யாருக்கும் தெரியாது. மறைப்பதில் விபிஎன்னைவிட உசத்தி, வேகத்தில் மாட்டு வண்டி. அதோடு டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியும். வங்கி வேலைக்கு இது ஆகாது, கணக்கையே முடக்கிவிடும் வாய்ப்பு உண்டு.

ஜிமெயிலில் லாகின் செய்துகொண்டு இவற்றில் எதைப் போட்டாலும் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியும். இதைச் சொன்னதும் ஏற்காட்டு அண்ணன் விபிஎன் பேச்சை விட்டுவிட்டார். விருந்தினர் வைஃபையைத் தன் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்துத் தரச் சொன்னார், பத்து நிமிட வேலை. மாமா இன்னும் முடிவு செய்யவில்லை. டிவிஆர் பாஸ்வேர்டை மட்டும் அன்றைக்கே மாற்றிவிட்டேன், அதை ஒரு சீட்டில் எழுதி டிவிஆர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.