99 டாலர் கொடுத்து ஆராய்ச்சியில் பங்கெடுத்தேன்: அமெரிக்கன் கட் ப்ராஜெக்ட்

குடல் நுண்ணுயிர்களை ஆராய மக்களிடமே மல மாதிரியும் பணமும் திரட்டும் அமெரிக்கன் கட் ப்ராஜெக்டில் (கட் என்றால் குடல்) சேரலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதை லேப் டெஸ்ட் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள் என்பதுதான். உங்கள் வயிற்றில் என்ன கோளாறு என்று அது சொல்லாது. நீங்கள் கொடுப்பது குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கான நன்கொடை. அதற்கு நன்றியாக உங்கள் மாதிரியில் என்னென்ன நுண்ணுயிர்கள் தெரிந்தன என்று ஓர் அறிக்கை தருகிறார்கள். அப்படிப் புரிந்துகொண்டு சேர்ந்ததால் எனக்கு முழுத் திருப்தி.

என் தம்பிக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே க்ரோன்ஸ் நோய், அதாவது நாள்பட்ட குடல் அழற்சி. ஏன் இவனுக்கு வந்தது, ஏன் சில நாள் அடங்கி மறுபடி கிளம்புகிறது என்று டாக்டர்களிடம் கேட்டால், குடல் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, ஆனால் இன்னும் நிறைய ஆராய வேண்டும் என்பார்கள். ஆராய யார் பணம் கொடுப்பது? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2007இல் மனித நுண்ணுயிர்த் திட்டத்தைத் தொடங்கி, பத்து ஆண்டுகளில் சுமார் 17 கோடி டாலர் செலவிட்டது. முதல் கட்டத்தில் ஆரோக்கியமானவர்கள் 242 பேரின் உடலில் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். இரண்டாம் கட்டத்தில்தான் குடல் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த முடிவுகள் 2019இல் வந்தன. அருமையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் முதல் கட்டத்துக்கு நோயே இல்லாதவர்களைத்தான் சலித்து எடுத்தார்கள். தம்பி போன்றவர்களும், அவனைவிடக் கொஞ்சம் தேவலாம் என்று இருப்பவர்களும், எந்தக் குறையும் இல்லாதவர்களும் கலந்த கூட்டம் வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் ராப் நைட்டும் ஜெஃப் லீச்சும் 2012இல் அமெரிக்கன் கட் ப்ராஜெக்டைத் தொடங்கி அந்தக் கதவைத்தான் திறந்தார்கள். பொதுமக்களிடமே நிதி, பொதுமக்களிடமே மாதிரி. 2018இல் வந்த அவர்களுடைய பெரிய ஆய்வுக் கட்டுரையில் 11,336 பேர் கொடுத்த 15,096 மாதிரிகள் இருந்தன. மக்கள் கொடுத்த தொகை 25 லட்சம் டாலருக்கு மேல். அரசுத் திட்டத்தின் செலவோடு வைத்துப் பாருங்கள், சிறு தொகைதான். அதில் இத்தனை பேரை எட்டியிருக்கிறார்கள்.

நான் சேர்ந்தபோது முறை சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பெட்டியில் பஞ்சு முனை உள்ள குச்சி இருந்தது. பயன்படுத்திய டாய்லெட் பேப்பரில் அதைத் தொட்டு, குழாயில் போட்டு மூடி, சாதாரணத் தபாலில் அனுப்பினால் போதுமாக இருந்தது. ஐஸ் தேவைப்படவில்லை, கூரியர் தேவைப்படவில்லை. இதில் ஒரு சிக்கல் இருந்தது. தபால் பையில் கிடக்கும் நாட்களில் சில பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அதை மூடி மறைக்காமல், எவையெல்லாம் அப்படிப் பெருகுகின்றன என்று தனியாக ஆராய்ந்து, கணக்கிலிருந்து அவற்றை நீக்கும் முறையை 2017இல் வெளியிட்டார்கள். இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அதைப் படித்த பிறகுதான்.

அப்புறம் கேள்வித்தாள். தூக்கம், செல்லப் பிராணி, ஆன்டிபயாடிக், பிறந்தது சிசேரியனிலா என்று நீண்டுகொண்டே போகும். எனக்குப் பிடித்த கேள்வி, வாரத்தில் எத்தனை வகைத் தாவரங்கள் சாப்பிடுகிறீர்கள் என்பது. கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்ட சூப் குடித்தால் அது மூன்று. இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் அவர்களுடைய பேர்பெற்ற முடிவு வந்தது: வாரத்துக்கு 30க்கு மேற்பட்ட தாவர வகைகளைச் சாப்பிடுபவர்களின் குடலில், பத்தோ அதற்குக் குறைவோ சாப்பிடுபவர்களைவிட நுண்ணுயிர் வகைகள் அதிகம். சைவமா அசைவமா என்ற அடையாளத்தைவிட இந்த எண்ணிக்கைதான் வேறுபாட்டை நன்றாகக் காட்டியது.

குறைகளும் உண்டு. காசு கொடுத்துத் தானாக வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான, உடம்பில் அக்கறை உள்ள ஆட்கள். அமெரிக்காவின் ஏழைக் குடும்பங்களின் குடல் இந்தப் புள்ளிவிவரத்தில் சரியாகத் தெரியாது. என் கருத்தில் இதுதான் பெரிய ஓட்டை. நன்கொடையில் ஒரு பங்கை ஒதுக்கி அவர்களுக்கு இலவசமாகப் பெட்டி அனுப்ப வேண்டும். எனக்கு வந்த அறிக்கையும் மேலோட்டமானதே. பாக்டீரியாக்களில் உள்ள 16எஸ் எனும் ஒரு மரபணுவின் சிறு பகுதியை மட்டும் படித்ததால், பேரினம் வரை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி வரை, பெரும்பாலும் தெரிந்தது. அந்த நுண்ணுயிர் உள்ளே என்ன வேலை செய்கிறது என்பது தெரியவில்லை.

இந்த விஷயத்தில் விற்பனைக்கு வரும் டெஸ்டுகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்திடம் தம்பி வாங்கிய அறிக்கையில் மதிப்பெண், சாப்பிடக் கூடாத பட்டியல், கடைசியில் அவர்களே விற்கும் மாத்திரை. அவனுடைய டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிகிச்சையில் எதையும் மாற்ற வேண்டாம் என்றார். குடல் நுண்ணுயிர் டெஸ்ட் விற்ற யூபயோம் என்ற அமெரிக்க நிறுவனமும் 2012இல் அமெரிக்கன் கட் போலவே மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கியதுதான். பிறகு இன்ஷூரன்ஸில் பில் போடும் மருத்துவ டெஸ்டுகளுக்குப் போய், 2019இல் எஃப்பிஐ சோதனைக்கு உள்ளாகி, அதே ஆண்டு திவாலானது. அமெரிக்கன் கட் பக்கம், பெயர் முதலான அடையாளங்களை நீக்கிய தரவு பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது. எந்த நாட்டு ஆராய்ச்சி மாணவரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். நான் பணம் கொடுத்தது இதற்காகத்தான்.

இப்போது இது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், மைக்ரோசெட்டா என்ற பெரிய முயற்சியின் கீழ் வருகிறது. சேர்வதென்றால் கேள்வித்தாளைப் பொறுமையாக முடிந்தவரை முழுசாக நிரப்புங்கள், முக்கியமாக ஆன்டிபயாடிக் எடுத்த விவரத்தை. அது இல்லாமல் வரும் மாதிரியை வைத்து ஆராய்ச்சியாளர்களால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது.