புது சால்ட் செல்னு சொல்லி பழசைத் தலையில கட்டிட்டாங்க, 85 ஆயிரம் போச்சு. வீட்ல நீச்சல் குளம் இருக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் நடுங்குது, அவ்வளவு ஆத்திரம். கடைசியா இன்னைக்கு நான் வாங்கின ஆன்லைன் தளத்துலேர்ந்து வந்த பதில்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்னத்தைத் தீர்த்தாங்க? என் 85 ஆயிரத்தைத்தான் தீர்த்தாங்க. சால்ட் செல் (குளத்து உப்புத் தண்ணியிலேர்ந்து மின்சாரத்தால குளோரின் உண்டாக்குற, உள்ள தகடு வச்ச பாகம்) வாங்குறப்போ என்னென்ன பார்க்கணும்னும் இந்தப் பதிவுலயே சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க குளம் 60,000 லிட்டர். உப்புத் தண்ணி, இந்த செல் வச்ச குளோரினேட்டர் கருவி போட்டது. பழைய செல் தேஞ்சு போச்சு. அது சகஜம், எந்த செல்லும் சில வருஷம்தான் உழைக்கும். மாத்துறதுக்காக, எல்லாச் சாமானும் கிடைக்கிற ஒரு பெரிய ஆன்லைன் தளத்துல, குளத்துச் சாமான் மட்டும் விக்கிற ஒரு கடையைப் பிடிச்சேன். பேரைப் போடல. போட்டா பதிவையே தூக்கிடுவாங்க.

அந்தக் கடைக்காரர் பேசின விதம் இருக்கே, அதுலதான் விழுந்தேன். எடுத்ததும் விலை சொல்லல. எத்தனை லிட்டர், பம்ப் எவ்வளவு நேரம் ஓடுது, ஸ்டெபிலைசர் (வெயில்ல குளோரின் அழியாம காக்குற மருந்து) எவ்வளவு இருக்குன்னு பொறுமையா கேட்டார். "குளத்தோட அளவுக்குச் சரியா எடுக்காதீங்க சார், ஒன்றரை மடங்கு குளத்துக்கு ஆகுற செல்லா எடுங்க. முழு வேகத்துல ஓட்ட வேண்டியிருக்காது, ரொம்ப நாள் வரும்"னார். சொன்னது அத்தனையும் சரியான விஷயம். இந்தத் தொழில் தெரிஞ்ச மனுஷன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? சீல் உடைக்காத பெட்டி, 3 வருஷம் வாரண்டின்னார். 85 ஆயிரத்தை அப்படியே அனுப்பினேன்.

மாட்டின கொஞ்ச நாள்லயே குளோரின் விழ ஆரம்பிச்சுது. 1-லேர்ந்து 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல இத்தனை பங்கு) இருக்க வேண்டியது, சோதனைக் குப்பியில நிறமே வரல. செல்லை ஓட்டுற கன்ட்ரோலர் பெட்டியில "உப்பு குறைவு"ன்னு விளக்கு. ஆனா கையில வச்சிருக்கிற மீட்டர்ல பார்த்தா உப்பு 3200 பிபிஎம், கச்சிதம். போன் போட்டேன். "மீட்டரை நம்பாதீங்க சார், கன்ட்ரோலர் சொல்றதுதான் கணக்கு, உப்பு போடுங்க"ன்னார். 50 கிலோ போட்டேன். உப்பு 4000-ஐத் தாண்டிருச்சு, விளக்கு அணையவே இல்ல.

இந்த இடத்தைக் கவனிங்க. நிறைய கன்ட்ரோலர் உப்பைத் தனியா அளக்கிறதே இல்ல. தகடுகளுக்கு நடுவுல எவ்வளவு மின்சாரம் ஓடுதுன்னு பார்த்துத்தான் உப்பைக் கணிக்கும். செல் தேஞ்சிருந்தா மின்சாரம் குறையும், அது உப்பு குறைவுன்னே காட்டும். இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சேதான் மூட்டை மூட்டையா கொட்ட வச்சார். உப்பு வெயில்ல ஆவியாப் போற சாமான் இல்ல. அதைக் குறைக்க 12,000 லிட்டர் தண்ணியை வெளியேத்த வேண்டியதாச்சு. கூடவே அளவா வச்சிருந்த ஸ்டெபிலைசரும் கால்சியமும் போச்சு.

அடுத்த போன்ல "பாஸ்பேட் குளோரினைத் தின்னுது, எங்ககிட்டயே மருந்து இருக்கு"ன்னார். பாஸ்பேட் குளோரினைத் தின்னாது சாமி, அது பாசிக்குத்தான் தீனி. அதுக்கப்புறம் வெயில்தான் குளோரினை அழிக்குதுன்னார். சரின்னு இருட்டினப்புறம் அளந்தேன், ராத்திரி பூரா செல்லை 100 சதவீதத்துல ஓட்டி, விடியறதுக்கு முன்னாடி மறுபடி அளந்தேன். ராத்திரியில எந்த வெயில்? அளவு இம்மியும் ஏறல.

இன்னொண்ணும் இருக்கு. வேலை செய்யுற செல்லுன்னா ஹைட்ரஜன் குமிழி பொடிப்பொடியா தண்ணி திரும்பி வர்ற வாய்ல தெரியும், பிஎச்சும் தன்னால மெல்ல ஏறும். உப்புக் குளம் வச்சிருக்கிறவங்க அடிக்கடி ஆசிட் ஊத்துறதே அதனாலதான். எனக்கு குமிழியும் இல்ல, பிஎச் 7.5-ஐ விட்டு அசையவும் இல்ல.

செல்லைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். டைட்டானியம் தகட்டு மேல ருத்தேனியமோ இரிடியமோ கலந்த பூச்சு இருக்கும், மங்கலான கருஞ்சாம்பல் நிறம். இதுல ஓரம் பூரா பூச்சு போய், தகடு வெள்ளி மாதிரி பளபளன்னு தெரியுது. சில வாரத்துல தேயுற தேய்மானமா அது? நட்டு பிடிக்கிற மரையில, தண்ணியே படாத இடத்துல, காய்ஞ்ச சுண்ணாம்பு. எங்க பைப்புல ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. சீரியல் ஸ்டிக்கரை நகத்தால நெருடினா கீழ பழைய கோந்து. எவரோ ஓட்டித் தேய்ச்ச செல்லை ஆசிட்ல முக்கிக் கழுவி, புதுப் பெட்டியில போட்டு வித்திருக்காங்க. அதுக்குத்தான் 85 ஆயிரம்.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே குரல் மாறிப் போச்சு. "உங்க தண்ணி சரியில்ல, அதான் தகடு போச்சு. வாரண்டி வேணும்னா மாசா மாசம் தண்ணி சோதிச்ச ரிப்போர்ட் காட்டுங்க"ன்னார். நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அத்தனையும் அனுப்பினேன்: பிஎச் 7.5, ஆல்கலினிட்டி 80, கால்சியம் 300, ஸ்டெபிலைசர் 60. "கையால எழுதினது செல்லாது"ன்னு ஒரே வரி. அதுக்கப்புறம் போனே எடுக்கல. தளத்துல கேட்டா திருப்பி அனுப்புற கெடு முடிஞ்சுதாம், விற்பனையாளர்கிட்டயே பேசணுமாம். எடுக்காத போன்ல எப்படிப் பேசுறது?

நிறைய எழுதணும்னு உட்கார்ந்தேன், இப்போ முடியல. அவசரமா சிலது. பெட்டி வந்ததும் வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க, மாட்டுறதுக்கு முன்னாடி தகட்டு ஓரத்தையும் மரையையும் வெளிச்சத்துல பாருங்க. கன்ட்ரோலர் சொல்லுதுன்னு உப்பைக் கொட்டாதீங்க, தனியா அளந்துட்டுப் போடுங்க. செல்லுல சுண்ணாம்பு படிஞ்சா 4 பங்கு தண்ணியில 1 பங்கு ஆசிட்தான், தண்ணியில ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தவே கூடாது, கம்பி பிரஷ் தொடவே தொடாதீங்க. இதே மாதிரி பழைய செல் மாட்டினவங்க யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தா எப்படி வாங்கினீங்கன்னு கீழ எழுதுங்க. 85 ஆயிரத்தை நான் விடறதா இல்ல.