கேனான் 1500டியா, நிகான் டி3500ஆ?

செங்கோட்டைப் பக்கம் முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது மெகாபிக்சல். கேனானில் 24.1, நிகானில் 24.2, அதை விடுங்கள். ஆரியங்காவு தாண்டி 13 கண் பாலத்தில் ரயில் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்: நிகான் நொடிக்கு 5 படம் எடுக்கும், கேனான் 3. ஒரு சார்ஜுக்கு நிகான் 1550 படம், கேனான் 500. எனக்கு இதுவே போதும், நிகான்தான்.

ஆனால் நிகான் பாடியில் லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. சல்லிசாகக் கிடைத்ததே என்று உள்ளே மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் 'டி' வகை லென்ஸை மாட்டினால், வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். அதற்குள் ரயில் குகைக்குள் போய்விடும். கேனானின் ஈஎஃப் வகை ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. வைஃபையும் கேனானில்தான், நிகானில் ப்ளூடூத் மட்டும்.

அப்புறம், குற்றாலச் சாரலுக்கு இரண்டுமே தாங்காது. பாலிதீன் கவர் எடுத்துக்கொள்ளுங்கள்.