ஐகாவோவின் நாடு வாரியான பாதுகாப்பு மதிப்பெண்: டிக்கெட் போடுகிறவளின் பார்வையில்

எங்கள் கம்பெனி ஆட்களுக்கு வெளிநாட்டுப் பயண டிக்கெட் போடுவது என் வேலை. பழக்கமில்லாத விமான நிறுவனம் என்றால், கட்டணம் பார்ப்பதற்கு முன்பே அதன் நாட்டுக்கு ஐகாவோ (ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தந்திருக்கும் தணிக்கை மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவேன். இலவசம், யாரும் பார்க்கலாம்.

இது விமான நிறுவனத்துக்கான மதிப்பெண் அல்ல. அதற்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய அரசுத் துறைக்கானது. 1999இல் தொடங்கிய இந்தத் தணிக்கை இன்று சட்டம், நிர்வாக அமைப்பு, பணியாளர் உரிமம், விமான இயக்கம், விமானத்தின் பறக்கும் தகுதி, விபத்து விசாரணை, வான்வழிச் சேவை, விமான நிலையங்கள் என எட்டுப் பிரிவுகளில் நடக்கிறது. பிரிவுக்கு ஒரு சதவீதம்.

இந்தப் பிரிப்புக்காகவே இதை மெச்சுகிறேன். மொத்த சதவீதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சட்டப் புத்தகம் பக்காவாக இருக்கும். ஆனால் ஹேங்கருக்குப் போய்ப் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கத் தகுதியான இன்ஸ்பெக்டர் வேண்டும், கோளாறு என்றால் விமானத்தைத் தரையிலேயே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அதனால் என் கண் முதலில் இயக்கம், பறக்கும் தகுதி இரண்டுக்கும்தான் போகும்.

குறையும் உண்டு. தணிக்கை நடந்த காலத்து நிலைமையைத்தான் எண் சொல்லும். இந்தியாவின் மொத்த மதிப்பெண் 69.95 சதவீதமாக இருந்தது, 2022 தணிக்கைக்குப் பிறகு 85.65 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் பார்த்தவர்களுக்குப் பழைய எண்தான் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ 1992 முதல் நாடுகளைத் தனியாக மதிப்பிடுகிறது. ஐகாவோ தரத்துக்கு இருந்தால் முதல் வகை, இல்லையென்றால் இரண்டாம் வகை, அவ்வளவுதான். அங்கே பறக்கிற அல்லது அந்நாட்டு நிறுவனங்களோடு கோட்ஷேர் (ஒரு நிறுவனம் தன் பெயரில் டிக்கெட் விற்க, இன்னொன்று விமானத்தை இயக்கும் ஏற்பாடு) வைத்திருக்கிற நாடுகளைத்தான் அது பார்க்கும். இரண்டாம் வகை என்றால் புதிய சேவை தொடங்க முடியாது, பழையவை தொடரலாம். தாய்லாந்துக்கு பெரிய பாதுகாப்புக் குறை என்று 2015 ஜூனில் ஐகாவோ போட்ட சிவப்பு அடையாளம் 2017 அக்டோபரில் நீங்கியது. எஃப்ஏஏ அதே 2015 டிசம்பரில் இறக்கிய தரத்தை 2025இல்தான் திருப்பித் தந்தது. ஒரே நாடு, இரண்டு தீர்ப்பு. எனவே ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அவசரமாக முடிவெடுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியல்தான் வசதி. 2006 முதல் நிறுவனங்களின் பெயரையே சொல்லி வருகிறது. நான் முதலில் அதைத் திறப்பேன், பெயர் இருந்தால் அந்த டிக்கெட் வேண்டாம். இல்லையென்றால்தான் ஐகாவோவுக்கு வருவேன்.

இன்னொன்று: கோட்ஷேர் டிக்கெட்டில் பெரிதாக இருக்கும் பெயர் வேறு, விமானத்தை இயக்குகிற நிறுவனம் வேறாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் வரும் அந்த இரண்டாவது பெயரின் நாட்டைத் தேடுங்கள்.